மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம்

பாஞ்சாலி அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததே அவள் அப்பாவின் முதலாளி பண்ணிய சிபாரிசால்தான். அப்பா வைத்தீஸ்வரன் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். மல்லேஸ்வரம் பக்கம் இருந்த அந்தப் பெரிய பள்ளியில் முதலாளியின் மைத்துனர் கமிட்டி மெம்பர். ஆறாம் வகுப்பில் ஒரு இடம் கிடைத்தபோது வைத்தீஸ்வரன் கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார்.

சேர்ந்த முதல் வாரம் பஸ் வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த அப்பா, அதே காக்கி உடுப்போடு அவளை மொபெட்டில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார். நேரமாகிவிட்டது, ஓடு என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார். வகுப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அன்று மதியத்துக்குள் அவளுக்கு 'கிரீஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. பத்தாவது முடிகிறவரை அந்தப் பெயர் அவளை விடவில்லை. பாஞ்சாலி என்று அவளைக் கூப்பிட்டது டீச்சர்களும் மௌரீனும்தான்.

மௌரீன் ஜாலஹள்ளியிலிருந்து அதே பஸ்ஸில் வருகிற பெண். குண்டாக இருப்பாள், திக்கித் திக்கிப் பேசுவாள். அதனால் அவளுக்கும் வேறு கூட்டாளி கிடையாது. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து டிபனைத் திறப்பார்கள். வேப்பமரத்தடியில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அது யாருடைய இடம் என்று பள்ளிக்கே தெரியும். சுதீர், ரோஹன், ஸ்ரீலக்ஷ்மி, அவர்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுநாயகம் சுதீர்தான். கிரிக்கெட் கேப்டன், நாடகத்தில் ராஜா வேஷம், நாலு பாஷையில் ஜோக் அடிப்பான். அவன் சிரித்தால்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பாஞ்சாலிக்கு அவன்மேல் ஆசை இருந்தது. மௌரீனிடம் மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவன்று மௌரீன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். சுதீர் கொடுத்தான் என்றாள். 'ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னால் வா. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்' என்று அழகான ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருந்தது. பாஞ்சாலி பாத்ரூமில் போய் முகம் கழுவி, சித்தியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த லிப்ஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். ஜெனரேட்டர் சத்தம், அடுக்கி வைத்த பெஞ்சுகள், கொசு. ஆறிலிருந்து ஏழு வரை நின்றாள். ஏழு மணிக்கு மாடிப்படி ஜன்னலிலிருந்து யாரோ "கிரீஸ், டச்சப் பண்ணிக்கோ" என்று கத்தினார்கள். ஒரு கூட்டமே சிரித்தது. நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. மறுநாளிலிருந்து லிப்ஸ்டிக் கதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது. வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம் ஓடிப்போயிற்று. பாஞ்சாலி பிசியோதெரபி படித்தாள். தொம்மலூரில் ஒரு விளையாட்டுக் காய மருத்துவ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, சீனியர் ஆனாள். மௌரீன் டீச்சராகி, பிரேசர் டவுனில் தன் அம்மாவோடு இருந்தாள். வாரம் ஒருமுறை போன், மாதம் ஒருமுறை பிரியாணி என்று அவர்கள் சிநேகிதம் மட்டும் நூல் அறாமல் வந்தது.

ஒருநாள் காலையில் ஊன்றுகோலோடு உள்ளே வந்தான் சுதீர். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆடப்போய் முழங்கால் தசைநார் அறுந்து, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தான். அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. காலை மடக்க வைத்து, நீட்ட வைத்து, மூன்று வாரம் மற்ற நோயாளிகளைப் போலவே அவனையும் நடத்தினாள். நான்காவது வாரம் அவன் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ நம்ம ஸ்கூல் பாஞ்சாலி இல்ல?" என்று கேட்டான். பட்டப்பெயரைச் சொல்லாமல் சொந்தப் பெயரைச் சொன்னானே என்று அவளுக்கு உள்ளே எதுவோ இளகியது.

கால் சரியான பிறகும் அவன் தொம்மலூர் வருவதை நிறுத்தவில்லை. கிளினிக் எதிரே இருந்த தர்ஷினி ஹோட்டலில் நின்றபடியே காபி, பிறகு கப்பன் பார்க், பிறகு இருவரும் சேர்ந்து மைசூர். அவன் இன்னும் அழகாகச் சிரிக்க வைத்தான். ஆனால் பள்ளிக்கூடத்துச் சுதீருக்கு இல்லாத ஒரு சோர்வு இவனிடம் இருந்தது. தூங்குகிற நேரத்தில் முகம் சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஆகிவிடும். அந்தச் சோர்வைத்தான் அவள் அதிகம் நேசித்தாள்.

பழக ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆனபோது அவள் ஒரு நாள் கப்பன் பார்க்கில் ஆண்டு விழா விஷயத்தைக் கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு அத்தனை நாள் தேவைப்பட்டிருந்தது. சீட்டு, லிப்ஸ்டிக், ஜன்னல் சிரிப்பு என்று எல்லாவற்றையும் சொல்லி, உனக்குத் தெரியுமா என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தான் அந்த நேரம் ராஜா வேஷத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், யாரோ தன் பெயரை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். தெரிந்திருந்தால் அன்றைக்கே அவர்கள் பல்லைப் பேர்த்திருப்பேன் என்றான். பதினாலு வயதிலிருந்து தொண்டையில் நின்ற முள் அன்று இறங்கிவிட்டது என்று பாஞ்சாலி மௌரீனுக்குப் போன் செய்து சொன்னாள். மௌரீன், "நல்லதுப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் பழைய கூட்டமும் அவளைச் சேர்த்துக்கொண்டது. மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது சாப்பாடு. ஸ்ரீலக்ஷ்மி வாசலிலேயே கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப்போவாள். ரோஹன், "நீ வந்தப்புறம்தான் இவன் மனுஷனா ஆனான்" என்பான். திரும்பி வரும்போதெல்லாம், வேப்பமரத்தடி பெஞ்சில் தனக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். தோன்றுகிறதே என்று வெட்கமாகவும் இருக்கும். ஆனாலும் தோன்றத்தான் செய்தது.

ஆடி மாதம் சுதீருக்கு வேலை போயிற்று. அவன் கம்பெனியில் ஒரே நாளில் முப்பது பேரை அனுப்பிவிட்டார்கள். பாஞ்சாலியிடம் வந்து அழுதான். யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக நம் கூட்டத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்றான். சத்தியம் செய்து கொடுத்ததைப் போல அவள் அதைக் காப்பாற்றினாள். சாப்பாட்டு மேஜையில் யாராவது ஆபீஸ் எப்படி என்று அவனைக் கேட்டால், அவன் வாய் திறக்கும் முன் அவளே, பாவம் ஆபீஸில் ரொம்ப வேலை என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்டர்வியூ கேள்விகளை எடுத்துவைத்துக்கொண்டு அவனைக் கேட்டுப் பழக்கினாள்.

இரண்டு வீட்டிலும் சம்மதம் வந்தது. சுதீரின் அப்பா கஸ்தூரிரங்கன் மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்; மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக வீடு. ஜாதி வேறு, வசதி வேறு என்று பாஞ்சாலியின் அம்மா பயந்தாள். அவரோ பெண்ணைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, அப்புறம் எங்களுக்கு என்ன என்றுவிட்டார். தாசரஹள்ளியில் ஒரு மண்டபத்தில் கார்த்திகை மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. விழாவில் ஓட்டுவதற்கு ஒரு வீடியோ தயாரிக்கலாம் என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு யோசனை வந்தது. போட்டோக்களைப் போட ஒரு பொதுவான ஃபோல்டரைத் திறந்து, எல்லோருக்கும் லிங்க் அனுப்பினாள். பாஞ்சாலிக்கும் அனுப்பி, எது நன்றாக இருக்கிறது என்று நீயே பார்த்து எடு என்றாள். வெள்ளிக்கிழமை மதியம் கிளினிக்கின் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பாஞ்சாலி போனில் அதைத் திறந்தாள். ரோஹன் முந்நூறு படத்துக்கு மேல் போட்டிருந்தான். எதையும் பார்த்துப் பொறுக்காமல், போனில் இருந்ததை அப்படியே கொட்டியிருந்தான் என்பது தெரிந்தது.

கோவா, யாருடைய கல்யாணமோ, யாருடைய நாயோ. அதற்குக் கீழே பழைய டிஜிட்டல் கேமராப் படங்கள். ஒன்றில், மேலேயிருந்து எடுத்தது, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பின்னல். கையில் ஒரு காகிதம். பாஞ்சாலி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடுத்த படத்தில் மாடிப்படி ஜன்னலோரம் ஆறேழு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுதீர். மேக்கப்பும் இல்லை, வேஷமும் இல்லை. ஸ்கூல் யூனிஃபார்மில், விரலால் கீழே காட்டிக்கொண்டிருந்தான்.

சின்னப் பிள்ளைகள், என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். படத்தைத் தள்ளினாள். இன்னும் நாற்பது ஐம்பது படம் தாண்டி ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அந்தக் கூட்டத்தின் வாட்ஸாப் குழு. போன வருஷம். அவள் கப்பன் பார்க்கில் அவனிடம் கேட்ட அதே நாள்.

சுதீர் எழுதியிருந்தான்: 'ஆனுவல் டே பத்தி இன்னைக்குக் கேட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் வாயத் திறக்காதீங்க.'

ரோஹன்: 'சீட்டு எழுதினதே நீதானடா.'

ஸ்ரீலக்ஷ்மி: 'ஐயோ பாவம் கிரீஸ்.' கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் நாலு.

அதன் கீழே சுதீர்: 'கையெழுத்துல மயங்கிட்டா. நான் என்ன பண்ண.'

பாஞ்சாலி டிபனை மூடினாள். கை கழுவினாள். மதியம் நாலு நோயாளிகள் இருந்தார்கள். நாலு பேரையும் பார்த்தாள்.  அந்த மூன்று படங்களையும் தன் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, நாளைக் காலை பத்து மணிக்கு தர்ஷினிக்கு வா என்று சுதீருக்கு ஒரு வரி அனுப்பினாள்.

அவன் சனிக்கிழமை பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வந்தான். அவள் போனை மேஜையில் அவன் பக்கம் தள்ளினாள். அவன் முதல் படத்தைப் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான். மூன்றாவதில் அவன் முகம் செத்துப்போயிற்று. இது யார் அனுப்பினது என்றுதான் முதலில் கேட்டான். அது அவளுக்கு அப்புறம் பல நாள் ஞாபகம் இருந்தது.

"பாலி, அப்ப நமக்குப் பதினாலு வயசு," என்றான். அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"பதினாலு வயசுல பண்ணினத நான் கேக்கல. போன வருஷம் பண்ணினதக் கேக்கறேன்."

"பயந்துட்டேன். சொன்னா நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"சரி, அதனால எங்கிட்டப் பொய் சொன்ன. அவங்ககிட்ட ஏன் போய்ச் சொன்ன?"

அவன் காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான்.

"உனக்கு வேலை போனத நாலு மாசமா நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல சுதீர். என் அம்மாகிட்டகூட."

அவன் கண் கலங்கியது. தப்பு, தப்பு, என்ன வேண்டுமானாலும் செய், காலில் விழச் சொல், விழுகிறேன் என்றான். காலில் எல்லாம் விழ வேண்டாம் என்றாள் அவள். அந்தக் குழுவில் மூன்று வரி எழுதினால் போதும் என்றாள். சீட்டு எழுதியது நான்; போன வருஷம் அவளிடம் பொய் சொன்னதும் நான்; இனிமேல் அவளை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது. இவ்வளவுதான்.

அவன் போனை எடுத்தான். குழுவைத் திறந்தான். ஒரு வரி அடித்து அழித்தான். மறுபடி அடித்தான், மறுபடி அழித்தான். அவள் எதிரே நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர். அதில் நாலு பேர் வெளிநாட்டில். அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் அவன் இன்னமும் கேப்டன். வேலை இல்லை, கால் பழைய கால் இல்லை. மிச்சம் இருந்தது அந்த ஒரு ஜன்னலோரம்தான். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"நாளைக்கு நைட் வரைக்கும் டைம் கொடு," என்றான். கொடுத்தாள்.

அங்கிருந்து நேரே ஆட்டோ பிடித்து பிரேசர் டவுன் போனாள். மௌரீன் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி முகத்தைப் பார்த்ததும் பேப்பர்களை ஒதுக்கிவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தாள். பாஞ்சாலி எல்லாவற்றையும் சொன்னாள், படங்களைக் காட்டினாள், அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது. உன்னையும் ஏமாற்றித்தானே அந்தச் சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள், உன் திக்குவாயைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லையே என்று சொல்லி அழுதாள்.

மௌரீன் ஒதுக்கிவைத்த பேப்பர்களை எடுத்து அடுக்கினாள். பிறகு, "என்னை யாரும் ஏ-ஏமாத்தல பாஞ்சாலி," என்றாள். டீச்சரான பிறகு அவளுக்கு அந்தத் திக்கல் போயிருந்தது. அன்று திரும்பி வந்தது.

பாஞ்சாலி நிமிர்ந்தாள்.

"என்னான்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். உனக்கு அவன்மேல ஆசைன்னு அவங்ககிட்ட சொன்னதே நான்தான். ரோஹன் பர்த்டேக்கு என்னைக் கூப்பிடறேன்னாங்க. அதுக்காக."

"போனியா?"

"போனேன். ஒரு மூலைல உக்கார வெச்சாங்க. ஒருத்தரும் பேசல. கேக்கு குடுத்தாங்க."

தெருவில் யாரோ குழந்தைக்கு உருதுவில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். பாஞ்சாலி தன் கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பதினேழு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா நீ போயிடுவ. எனக்கு வேற யாரு இருந்தாங்க?"

சுதீர் சொன்ன அதே காரணம். காலையில் ஒருவன், மத்தியானம் ஒருத்தி. பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. இப்போது மட்டும் ஏன் சொல்கிறாய், சொல்லாமலேயே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்றாள்.

"நீ எனக்காகவும் சேர்த்து அழுதியே. அதத் தாங்க முடியல," என்றாள் மௌரீன்.

பாஞ்சாலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மெட்ரோவில் பீன்யா வரை உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஒரே நாளில் இரண்டு பேரையும் இழந்த கணக்குதான். ஆனால் வீடு வந்து சேரும்போது ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகியிருந்தது. மௌரீனை யாரும் கேட்கவில்லை, அவள் சொன்னாள். சுதீரைக் கேட்டாயிற்று, அவன் இன்னும் எழுதவில்லை.

ஞாயிறு மாலை சுதீரிடமிருந்து செய்தி வந்தது. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன், இனி அவர்கள் சகவாசமே வேண்டாம், நாம் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று நீளமாக எழுதியிருந்தான். எழுதினாயா என்று அவள் கேட்டாள். வெளியே வந்தபிறகு எழுதுவது எதற்கு என்றான் அவன். அவள் கொஞ்சம் தடுமாறிப்போனாள். அவனால் முடிந்தது அதுதானோ, அதையாவது செய்தானே என்று ஒரு பக்கம் மனது இறங்கியது. அன்றிரவு முடிவு எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீலக்ஷ்மி போன் செய்தாள். நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் ஒரே கலரில் புடவை கட்டலாம் என்று இருக்கிறோம், உனக்கு மயில்கழுத்து ஓகேவா என்று கேட்டாள். பேச்சோடு பேச்சாக, உன் ஆள் குழுவை விட்டு ஓடிவிட்டானே, கல்யாணம் வரை போனையே தொடமாட்டேன், விரதம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான், நீ நன்றாகத்தான் மாற்றி வைத்திருக்கிறாய் என்று சிரித்தாள்.

பாஞ்சாலி கலரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். மதியம் சுதீரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் மூன்று நாள் கெஞ்சினான், நாலாவது நாள் திட்டினான், ஒரு வாய்ப்புக்கூடத் தராத கல்நெஞ்சக்காரி என்றான். அதன்பிறகு சத்தம் இல்லை.

வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்பா கேட்டுவிட்டு, மண்டபத்துக்காரரிடம் நானே பேசுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஸ்கூலில் யாரோ கேலி பண்ணினார்கள் என்பதற்காகக் கைக்கு வந்த மாப்பிள்ளையை உதறுகிறவள் உலகத்தில் உண்டா என்று கேட்டாள். தெருவில் எப்படித் தலைகாட்டுவேன் என்றாள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டப் போனபோது, அதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா பேசவில்லை. தட்டில் சோறு வரும், பேச்சு வராது.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், கஸ்தூரிரங்கன் தனியாக வந்தார். மெட்ரோவில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அப்பா ஃபேனைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் பாஞ்சாலியை எதிரில் உட்காரச் சொன்னார்.

"நான் சண்டை போட வரலைம்மா. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுண்டு போலாம்னு வந்தேன். அவனுக்கு வேலை போயிடுத்துன்னு தெரிஞ்சதும் நீ வேண்டாம்னுட்டியாமே. அப்படியா?"

பாஞ்சாலிக்கு முதலில் அவர் என்ன சொல்கிறார் என்றே பிடிபடவில்லை. அவர் மேலும் சொன்னார். வேலை போனதே எங்களுக்குப் போன வாரம்தான் தெரியும். ஏன் நின்றுபோயிற்று என்று குடைந்து குடைந்து கேட்டபோது இதைச் சொன்னான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது இதுதான் தெரியும். அவன் அம்மாவோ பெண்களையே நம்பக் கூடாது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் உன் முகத்துக்கும் இந்தப் பேச்சுக்கும் ஒட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் நின்ற ஒரு மணி நேரத்தைக் கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஸ்கிரீன்ஷாட்டைத் தாங்கிக்கொண்டாள். இது அவளை வேறு எங்கோ தாக்கியது. அவன் அழுதபோது அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நாலு மாதத்தையே எடுத்து, அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டிருந்தான்.

"வேலை போனது எனக்கு ஆடி மாசமே தெரியும் அங்கிள்," என்றாள். "போன அன்னைக்கு எங்கிட்டதான் முதல்ல வந்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், நோயாளியின் விவரம் சொல்வதைப் போல வரிசையாகச் சொன்னாள். அவர் போனை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணருகே வைத்துப் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"ஸ்கூல்ல மீட்டிங்னா நான் லீவு போட்டுண்டு போவேன்," என்றார். "எல்லாப் பிள்ளைகளுக்கும் இவன்னா உசுருன்னு டீச்சர் சொல்லுவா. அதைக் கேக்கறதுக்காகவே போவேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அவனை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றாள் பாஞ்சாலி. வேலை போனதால்தான் நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள், அது போதும் என்றாள்.

"சொல்றேன். கேப்பானான்னு தெரியல," என்றார் அவர். எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அப்பா மெட்ரோ வரை கூடப் போனார்.

அம்மா சமையலறை வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தாள். அது ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. டபராவைத் தரையில் வைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வயசுல ஒரு மணி நேரம் தனியா நின்னியாடி?" என்றாள். பதினைந்து நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்கூல விட்டு நிறுத்திடுவீங்கன்னு."

அம்மா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அப்பா திரும்பி வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் சுதீருக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்வி. ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போன கூட்டத்தின் படத்தை ஸ்ரீலக்ஷ்மி போட்டிருந்தாள். நடுவில் அவன்தான் நின்றான். வேலை போனதால் பெண் விட்டுப்போன கதையும் அங்கே நன்றாகவே உலவியது என்று பாஞ்சாலிக்குத் தெரியவந்தது. மறுத்துச் சொல்ல அவள் யாரிடமும் போகவில்லை. சில நாள் மெட்ரோவில் வரும்போது, இரண்டு வருஷத்தில் எந்தெந்த நாள் நிஜம் என்று யோசித்துப் பார்ப்பாள். மைசூர் நிஜமாக இருந்திருக்கலாம். ஆடி மாதத்து அழுகை நிஜம்தான். அதற்குமேல் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

மௌரீன் தினமும் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா, மழை வருது, இப்படி ஒற்றை வரி. பாஞ்சாலி படிப்பாள், பதில் போடமாட்டாள். மாசி மாதம் ஒரு மதியம் மௌரீன் போனே செய்தபோது, ஏனோ எடுத்துவிட்டாள். மௌரீன் தன் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். பாஞ்சாலி கிளினிக்கில் புதிதாக வந்திருக்கும் மெஷினைப் பற்றிச் சொன்னாள். அந்த விஷயத்தை இருவரும் தொடவில்லை.

"ஞா-ஞாயித்துக்கிழமை வரட்டுமாப்பா?" என்று மௌரீன் கேட்டாள்.

பாஞ்சாலி யோசித்தாள். "இப்ப வேணாம் மௌரீன்," என்றாள். "நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, வெளியே வந்து அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.